பழைய நீலம்

1. மாரிக்காரர்

நான் வாடிக்குப் போன முதல் நாள் என் கையில் மூன்று தட்டைத் தூரிகைகளும் அரை ரின் சிவப்பு எனாமலும் இருந்தன. படம் வரைகிற தூரிகை ஒன்றுகூட இல்லை. அதுவரை நான் வரைந்ததெல்லாம் எழுத்துத்தான். கனகராயன்குளத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பிறகு ஊர் விட்டு ஊர் ஓடியதில் படிப்பை நினைக்க நேரமில்லை. ஓட்டம் நின்றபோது வவுனியாவில் ஒரு பெயர்ப்பலகைக் கடையில் வேலைக்கு இருந்தேன். ஓட்டோவின் பின்பக்கம், லொறிக் கதவு, சலூன் கண்ணாடி, திருவிழாப் பதாகை என்று எதிலும் எழுதுவேன். டிஜிட்டல் பிரிண்ட் வந்ததும் கடை மூடியது. சைக்கிளில் பெயின்ற் ரின்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஓர் இடத்தில் ஒரு மாதம் தங்கினாலே எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும், அதனால் அந்தப் பிழைப்பு ஒத்துவந்தது.

புதுக்குடியிருப்பில் ஒரு ரியூசன் கொட்டிலுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது அதை நடத்தியவர் சொன்னார்: "கடற்கரையிலை படம் கீறுற ஆக்கள் கொஞ்சப் பேர் கிடக்கினம். மழைக்கு அங்கை போய் ஒதுங்கன். சோறாவது கிடைக்கும்."

சோற்றுக்காகத்தான் போனேன்.

அது முல்லைத்தீவுக்குத் தெற்கே ஒரு கரை. கரைவலைத் தொழில் நடக்கும் மாதங்களில் மன்னார்ப் பக்கத்திலிருந்து தொழிலாளிகள் வந்து, சம்மாட்டியின் வாடியில் தங்கி வலை இழுப்பார்கள். சம்மாட்டி என்றால் வலைக்கும் வள்ளத்துக்கும் சொந்தக்காரர். வாடி என்றால் கிடுகு வேய்ந்த நீளமான கொட்டில். மாரி தொடங்கிக் கடல் குழம்பியதும் தொழிலாளிகள் ஊருக்குப் போய்விடுவார்கள், வாடி வெறுமையாகக் கிடக்கும். சித்திரப் பாடம் படிப்பித்து ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர், ஒரு மாரியில் சம்மாட்டியிடம் கேட்டு அங்கே தனியாகத் தங்கிச் சாம்பல் நிறக் கடலை வரைந்தார். அடுத்த மாரியில் அவரோடு வேறு சிலர் வந்தார்கள். அப்படியே அது வழக்கமாகிவிட்டது. கிளிநொச்சி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று பல இடத்து ஓவியர்கள் மழை தொடங்க வந்து மழை முடியப் போவார்கள். ஊரவர்கள் எங்களை மாரிக்காரர் என்பார்கள். மனிதர் எவரும் கடலுக்குப் போகாத நேரத்தில், எதுவும் காயாத ஈரத்தில் படம் வரையப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல பெயர் கிடையாது.

மாஸ்ரர் என் தூரிகைகளைப் பார்த்தார். "உதுகளாலை என்ன கீறுவீர் ஐசே?"

"பெயர் எழுதுவன்."

"இஞ்சை பெயர் எழுத ஒண்டுமில்லை. உந்தப் பலகையிலை குந்திக் கடலைப் பாரும். எத்தினை நிறம் எண்டு பின்னேரம் எனக்குச் சொல்லும்."

பின்னேரம் "ரெண்டு" என்று சொன்னேன். பக்கத்தில் இருந்த நசீர் சிரித்துவிட்டு, "மாஸ்ரர், நான் முதல் நாள் ஒண்டெண்டுதான் சொன்னனான். இவன் கெட்டிக்காரன்" என்றான். நசீருக்குத் தண்ணீரூற்றில் ஒரு சின்ன ஹார்ட்வெயார் கடை இருந்தது. மாரியில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, விற்காமல் கிடக்கும் பெயின்ற்றோடு வந்துவிடுவான்.

வாடியில் அதிகம் சட்டதிட்டம் இல்லை. போட்டோவைப் பார்த்து வரையக் கூடாது, கண்ணுக்கு முன்னால் இருப்பதைத்தான் வரைய வேண்டும். காற்றில் மணல் வந்து ஈரப் படத்தில் ஒட்டினால் அதைத் தட்டக் கூடாது. எங்கள் படங்களைத் தடவிப் பார்த்தால் கை சொரசொரக்கும். படம் முடிந்ததும் அதன் பின்பக்கத்தில் அன்றைய காற்று, மழை, சாப்பாடு, உதவி செய்தவர் பெயர் எல்லாம் எழுத வேண்டும். நான் இன்று கட்டுரை, புத்தகம் என்று ஏதோ எழுதுகிறேன் என்றால் அது அந்தப் பின்பக்கங்களில் தொடங்கியது. முதலில் ஒரு வரி எழுதினேன். பிறகு பலகை நிறைய எழுதினேன். "முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் நல்லாயிருக்கு ஐசே" என்று மாஸ்ரர் ஒருமுறை சொன்னார். அவர் புகழ்ந்தாரா ஏசினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைசிச் சட்டம் வாடகையைப் பற்றியது. சம்மாட்டி எங்களிடம் காசு வாங்கமாட்டார். மாரி முடியும்போது, நாங்கள் போவதற்கு முன் அவருடைய வள்ளத்துக்குப் புது நிறம் அடித்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

2. நிறம் அடிக்காத வருடம்

சம்மாட்டியின் பெயர் அந்தோனிப்பிள்ளை. வள்ளத்துக்கு ஒவ்வொரு வருடமும் நீலம்தான் கேட்பார். நசீர் பச்சையைக் காட்டுவான், மஞ்சளைக் காட்டுவான். எல்லாவற்றையும் ஆறுதலாக, ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் வடிவு. நீலத்தை அடியுங்கோ" என்பார்.

நான் போன மூன்றாவது மாரியில், மார்கழி மழைக்குள் அவர் நெஞ்சு நோவென்று படுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மாரிக்காரர் நாங்கள்தான் பந்தல் போட்டோம். சவப்பெட்டிக்கு மேல் சிலுவை நான் எழுதியது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எல்லோரும் வீட்டு முற்றத்தில் இருந்தபோது, அவருடைய தம்பி சூசை கதையைத் தொடங்கினார். சூசை கெட்ட மனிதர் இல்லை. எதிலும் கணக்குப் பார்க்கிற மனிதர்.

"அண்ணி, செத்தவீட்டு வள்ளத்துக்கு ஆண்டுப் பூசை முடியுமட்டும் நிறம் அடிக்கிறேல்லை. உங்களுக்குத் தெரியாததில்லை."

"தெரியும் தம்பி" என்றார் அஞ்சலா அக்கா. அவர்தான் அந்தோனிப்பிள்ளையின் மனைவி.

"அது மரவள்ளம். நிறமில்லாட்டில் பலகை தண்ணி குடிக்கும், போன சீசனே பொருத்தாலை உள்ளுக்கை தண்ணி வைச்சது. அடைச்சு, நிறம் அடிக்காட்டில் மண்டாடி அதிலை கால் வைக்கமாட்டான். வலை போடாட்டில் பாடு சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற பாட்டை மீன்பிடிச் சங்கம் அடுத்த வருசம் வேறை ஆளுக்குக் குடுத்திடும். ஆனபடியாலை இந்த வருசம் என்ரை வள்ளத்தாலை நான் நடத்துறன். உங்களுக்குப் பங்கு தருவன்."

பாடு என்பது கரைவலை போடுவதற்கென்று ஒரு சம்மாட்டிக்கு உரிய கடற்கரைத் துண்டு. மண்டாடி என்பவர் வள்ளத்தில் போகிறவர்களுக்குத் தலைவர். அவர் சரியென்றால்தான் மற்றத் தொழிலாளிகள் நிற்பார்கள்.

சூசை சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. நிறம் அடித்தால் துக்கத்தை மதிக்காதவள் என்று ஊர் கதைக்கும். அடிக்காவிட்டால் பாடு போய்விடும். இரண்டு பக்கமும் அடைத்த வழியில் அக்கா நின்றார்.

அன்று பின்னேரம் அக்கா வாடிக்கு வந்தார். நாங்கள் கொடுத்த கதிரையில் இருக்காமல், கொட்டிலுக்குள் ஏற்றி வைத்திருந்த வள்ளத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"பங்குக்கு இருக்கிறதுக்கோ நான் அவரோடை இருந்து இவ்வளவு காலமும் கிழிஞ்ச வலை பொத்தினனான்?" என்றார். "தம்பியவை, உங்களட்டை ஒண்டு கேக்கிறன். சனத்தின்ரை கண்ணுக்குத் தெரியாமல் இதுக்கு நிறம் அடிக்கேலுமோ?"

நசீர் என்னைப் பார்த்தான். நான் மாஸ்ரரைப் பார்த்தேன். மாஸ்ரர் கடலைப் பார்த்தார்.

3. வடிவில்லாத வள்ளம்

அக்கா போன பிறகு மாஸ்ரர், "அது கள்ளப் படம் ஐசே" என்றார்.

"கண்ணுக்கு முன்னாலை இருக்கிறதைத்தான் கீற வேணுமெண்டு நீங்கள்தானே சொன்னனியள்" என்றேன். "வள்ளம் முன்னாலைதான் கிடக்கு."

மாஸ்ரர் எழுந்து வள்ளத்தின் பலகை ஒன்றைத் தடவிப் பார்த்தார். பிறகு, "ஆணித் துரு ஒழுகின கறையளை என்னட்டை விடும். உமக்கு அது வராது" என்றார்.

வேலை முறையை இளையவர்களுக்காகச் சொல்கிறேன். புது நிறம் அடித்த வள்ளம், பழைய நிறத்தோடு அப்படியே கிடப்பதுபோலத் தெரிய வேண்டும். மரத்தைச் சுரண்டினால் பழைய நிறம் போய்விடும். போனபிறகு பார்த்து வரைய ஒன்றும் இருக்காது. ஆகவே சுரண்டுவதற்கு முன் வள்ளத்தைப் படமாக வரைந்துகொள்ள வேண்டும். போட்டோ எடுக்கலாம்தானே என்றால், போட்டோவில் வெளிறிய நீலம் வேறு நீலமாக விழும். அதைவிட, எங்கள் வழக்கமும் விடாது. ஹார்ட்போர்ட் துண்டுகளை வெட்டி ஒவ்வொரு பலகைக்கும் முன்னால் வைத்து அதே அளவில் வரைந்தேன். எங்கே நிறம் செதிள் செதிளாக எழும்பி நிற்கிறது, எங்கே கயிறு உரஞ்சிய தடம், எங்கே முந்திய வருடத்து நீலம் கீழாலே எட்டிப்பார்க்கிறது என்று எல்லாவற்றையும் எடுத்தேன். அது முடிந்த பிறகுதான் சுரண்டினோம். பொருத்துகளில் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்தோம். அண்டர்கோட் போட்டோம். வள்ளத்தைப் பார்த்துப் படம் வரைந்தவன், பிறகு படத்தைப் பார்த்து வள்ளத்தை வரைந்தேன்.

நிறம் கலந்தது நசீர். வெயிலில் வெளிறிய நீலத்துக்கு வெள்ளை மட்டும் போதாது. வெள்ளை போட்டால் குழந்தைப்பிள்ளைச் சட்டை நிறம் வரும். கொஞ்சம் ரெட் ஒக்சைட், விளக்குக் கரி, பிறகு மினுக்கத்தைக் கொல்லச் சோக்குத் தூள் சேர்க்க வேண்டும். மண்ணெண்ணெய் விட்டுத் தண்ணியாக்கி அடித்து, ஓரளவு காய்ந்ததும் தேங்காய் நார்ப் பொச்சால் தேய்க்க வேண்டும். எனாமல் மணம் வெளியே போகாமல் இருக்க நசீர் வாடி வாசலில் பொச்சைக் கொளுத்திப் புகைப்பான். அது போதாதென்று காய்ந்தும் காயாத கருவாட்டை அங்கே தொங்கவிட்டான். மாஸ்ரர் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பெயின்ற் மணமே போதும், உதை இறக்கு" என்று கெஞ்சினார்.

முதல் பலகை முடிந்ததும் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினோம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அக்கா குனிந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். "தம்பி, இது வடிவாக் கிடக்கு" என்றார். "எங்கடை வள்ளம் இவ்வளவு வடிவில்லை."

உண்மைதான். பெயர்ப்பலகைக்காரனின் கை எதையும் அழகாக்காமல் சும்மா இருக்காது. செதிள்களுக்கு நிழல் போட்டிருந்தேன். கயிற்றுத் தடத்தை நேராக இழுத்திருந்தேன். லொறிக் கதவில் ரோசாப்பூ எழுதுகிறவன், கவனிக்காமல் கிடந்த பலகை ஒன்றைக் கவனமாக எழுதினால் அப்படித்தான் வரும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் திரும்பத் தொடங்கினேன். இரண்டாம் முறை பெரிய தூரிகையை விட்டுவிட்டு, அக்கா பொத்திவிட்டு எறிந்த வலைத்துண்டு ஒன்றைச் சுருட்டி, அதை நிறத்தில் தோய்த்து ஒற்றினேன். அது சரிவந்தது.

அக்கா இன்னொன்றும் சொன்னார். வள்ளத்தின் பின்பக்கத்து மேல் விளிம்பில் ஓர் இடம். வள்ளத்தைத் தண்ணீருக்குள் தள்ளும்போது அந்தோனிப்பிள்ளை எப்போதும் கை வைக்கிற இடம். எத்தனை முறை நீலம் அடித்தாலும் சீசன் முடியும்போது அங்கே நிறம் போய், மரம் எண்ணெய் தடவினதுபோல் பளபளக்கும். ஓர் உள்ளங்கை அளவுதான் இருக்கும்.

"இதிலை ஒண்டும் அடியாதையுங்கோ. எண்ணெய் மட்டும் போட்டு விடுங்கோ."

அது வேலையைக் கடினமாக்கியது. மற்ற இடமெல்லாம் நாங்கள் செய்த பழசு. அது ஒன்று மட்டும் உண்மையான பழசு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது எங்கள் பழசு பொய் என்று காட்டிக்கொடுக்கும். அந்த விளிம்புக்கு மட்டும் நான்கு தரம் நிறம் கலந்தோம். கடைசித் தரம் அடித்துவிட்டு நாங்கள் தள்ளி நின்று பார்த்தபோது, மாஸ்ரர் என்னையும் பார்த்தார், வள்ளத்தையும் பார்த்தார். "காயட்டும்" என்று மட்டும் சொன்னார்.

4. பிலிப்பு அண்ணையின் கை

காயவில்லை.

மாரி போனாலும் ஈரம் போகாத நாட்கள் அவை. சோக்குத் தூளும் மண்ணெண்ணெயும் அளவுக்கு மிஞ்சினால் எனாமல் தோல் கட்டாமல் கிடக்கும். இன்னும் சில நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கடல் அந்த வருடம் முந்தியே அடங்கிவிட்டது. ஒரு காலை லொறி வந்து நின்றது. தொழிலாளிகள் பாய், பெட்டி, சட்டிபானையோடு குதித்தார்கள். முன்னால் மண்டாடி பிலிப்பு அண்ணை. செய்தி எப்படிப் போனதோ தெரியவில்லை, சூசையும் வந்துவிட்டார். அவரோடு ஊரவர்கள் சிலரும் வந்தார்கள்.

பிலிப்பு அண்ணை அக்காவின் முன்னால் தலைப்பாகையைக் கழற்றினார். செத்தவீட்டுக்கு வர முடியாமல் போனதைச் சொல்லி அழுதார். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வள்ளத்தைப் பாப்பம் அக்கா" என்றார்.

கொட்டிலுக்கு வெளியே இழுத்து வெயிலில் வைத்திருந்தோம். அவர் வள்ளத்தைச் சுற்றி நடந்தார். குனிந்து பொருத்துகளைப் பார்த்தார். விரல் மொளியால் பலகைகளைத் தட்டித் தட்டிக் கேட்டார். சூசை அவருக்குப் பின்னாலேயே வந்தார். நசீர் காலால் மணலைக் கிண்டிக்கொண்டு நின்றான்.

"என்ன பிலிப்பு, நிறம் அடிக்காத வள்ளம். போன வருசமே தண்ணி வைச்சது" என்றார் சூசை. "தொழிலாளியளின்ரை உசிரையும் பாக்க வேணுமெல்லோ."

பிலிப்பு அண்ணை பின்பக்கத்துக்கு வந்தார். அந்தோனிப்பிள்ளை கை வைக்கிற இடத்தைப் பார்த்தார். எத்தனையோ வருடம் அந்தக் கைக்குப் பக்கத்தில் கை வைத்துத் தள்ளியவர் அவர். பழக்கத்தில் தன் வலது கையைக் கொண்டுபோய் அதற்குப் பக்கத்தில், தான் வழமையாக வைக்கும் இடத்தில் அழுத்தி வைத்தார்.

அந்த இடம் நாங்கள் கடைசியாக அடித்த இடம்.

கையை எடுத்தார். உள்ளங்கை முழுக்க நீலம். ஒரு கண் வெட்டுக்குள் நான் அதைக் கண்டேன். அவரும் கண்டார். வள்ளத்தைப் பார்த்தார். கரி அப்பின என் நகங்களைப் பார்த்தார். தள்ளி நின்ற அக்காவைப் பார்த்தார். பிறகு கையைப் பொத்திச் சாரத்தின் மடிப்புக்குள் விட்டுக்கொண்டார்.

"நிறம் பழசுதான்" என்றார் சூசையிடம். "அதுக்கென்ன. பலகை நல்லாக் கிடக்கு, பொருத்தும் நல்லாக் கிடக்கு. நான் ஏறுவன்." தொழிலாளிகள் பக்கம் திரும்பி, "என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறியள்? வலையை இறக்குங்கோ. ஒருத்தரும் வள்ளத்திலை சாயாதையுங்கோ, குங்கிலியம் இன்னும் இறுகேல்லை" என்றார்.

குங்கிலியம் இறுகிக் கனநாள். அது அவருக்கும் தெரியும்.

மத்தியானம் அக்கா எல்லோருக்கும் சோறு போட்டார். பிலிப்பு அண்ணை சோற்றுக் கோப்பையை இடது கையால் வாங்கினார். அக்கா அவருடைய பொத்திய வலது கையைக் கண்டார். குசினிக்குள் போய், ஒரு சிரட்டையில் மண்ணெண்ணெயும் ஒரு துணித்துண்டும் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த ஆளுக்குக் குழம்பு விடப் போனார்.

பிலிப்பு அண்ணை என்னைக் கூப்பிட்டார். கையைத் துடைத்தபடி, "தம்பி, உந்த நீலம் எப்ப காயும்?" என்று மெல்லக் கேட்டார்.

"இன்னும் மூண்டு நாள் வேணும் அண்ணை."

"அப்ப நான் மூண்டு நாளைக்குக் காத்துச் சரியில்லை எண்டு சொல்லுறன்."

அந்த மூன்று நாளும் கடல் குளம்போலக் கிடந்தது. பிலிப்பு அண்ணை காலையில் கரையில் நின்று வானத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்து படுப்பார். நான்காம் நாள் வலை போட்டார்கள்.

5. கற்றது

இதை எழுதலாமா என்று அஞ்சலா அக்காவைக் கேட்டேன். "ஆண்டுப் பூசை முடிஞ்சுது, சீசனும் எத்தினையோ போச்சு. இனி என்ன, எழுது" என்றார். பாடு இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. மாரிக்காரர் இன்றும் அங்கே போகிறார்கள்.

ஆண்டுப் பூசை அன்று சூசை என்னைத் தனியே கூப்பிட்டார். "டேய், உந்த எனாமல் மணம் ரோட்டுவரைக்கும் வந்தது. நீங்கள் கருவாடு கட்டினால் எங்களுக்கு மூக்கில்லையோ?"

"அப்ப ஏன் அண்ணை பேசாமல் நிண்டனீங்கள்?"

"கண்ணுக்கு ஒழுங்காக் கிடந்தது. அண்ணைக்குச் செய்ய வேண்டிய மரியாதை சனத்தின்ரை கண்ணுக்குக் குறையாமல் கிடந்தது. பிறகு நான் என்னத்தைச் சொல்ல?" தன் மூக்கைத் தொட்டுக்காட்டி, "மூக்கை நம்பி ஆரும் வழக்குப் பேசுவினமோ" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த மாரி முடிய வள்ளத்துக்குத் திரும்பவும் நிறம் அடித்தோம். நசீர் எல்லா ரின்னையும் திறந்து காட்டினான். அக்கா ஆறுதலாகப் பார்த்துவிட்டு மஞ்சள் என்றார். நானே அடித்தேன். நான் செய்த அந்தப் பழைய நீலத்தை, வலைத்துண்டால் ஒற்றிய ஒவ்வொரு செதிளையும், மாஸ்ரரின் துருக் கறைகளையும் மஞ்சளால் மூடினேன். அந்த உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

இப்போது கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் என் படங்களை வைக்கும்போது, எது நல்ல படம் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தொழில் பாடமாக இரண்டு சொல்வேன். ஈரக் காற்றில் சோக்குத் தூளைக் கூட்டிப் போடாதீர்கள், நீங்கள் நினைப்பதைவிடக் கனநாள் காய விடுங்கள். மற்றது, வடிவில்லாத ஒன்றை வரையும்போது அதை வடிவாக்காதீர்கள், அதன் சொந்தக்காரருக்கு உடனே தெரிந்துவிடும். நல்ல படம் மஞ்சளுக்குக் கீழே இருக்கிறது. வள்ளத்தில் வரைந்த அந்தப் படத்துக்குப் பின்பக்கம் இல்லாததால் வழக்கமாக எழுத வேண்டியதை அன்று எழுத முடியவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

காற்று: வாடை, அடங்கிவிட்டது. மழை: இல்லை, ஈரம் உண்டு. சாப்பாடு: சோறு, பாரைக் குழம்பு, சம்பல். உதவி: பிலிப்பு அண்ணையின் வலது கை.